சுண்டெலிக் கண்பாவைத் தரவின் நேரியலற்ற பகுப்பாய்வு: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

தலை அசையாதபடி பொருத்தப்பட்ட சுண்டெலி, சுழலும் உருளையின் மேல் நிற்கிறது. அகச்சிவப்பு ஒளியில் ஒரு கேமரா அதன் கண்ணைப் பதிவு செய்கிறது. வெளிச்சம் மாறவில்லை, ஒலி எதுவும் தரப்படவில்லை. ஆயினும் கண்பாவை தானாகவே விரிவதும் சுருங்குவதுமாக இருக்கிறது. பாவையைச் சுருக்கும் வளையத் தசை பாராசிம்பதடிக் நரம்பு வெளியிடும் அசிட்டைல்கோலினுக்கும், விரிக்கும் ஆரத் தசை சிம்பதடிக் நரம்பு வெளியிடும் நார்அட்ரினலினுக்கும் கட்டுப்பட்டவை. மூளைத்தண்டில் உள்ள லோக்கஸ் செருலியஸின் செயல்பாடு இந்த ஏற்றஇறக்கத்தோடு சேர்ந்தே மாறுவதால், மண்டையைத் திறக்காமலேயே விலங்கின் விழிப்புநிலையை மதிப்பிட இந்த அளவு உதவுகிறது.

அப்படிக் கிடைத்த காலத்தொடரில் ஒட்டுறவுப் பரிமாணம் (தொடரை ஆள எத்தனை மாறிகள் தேவை என்பதன் மதிப்பீடு), லியாபுனோவ் அடுக்கு (அருகருகே தொடங்கும் பாதைகள் விலகும் வேகம்), மாதிரி என்ட்ரோபி (தொடர் எவ்வளவு முன்கணிக்க முடியாதது என்பதன் அளவு) போன்றவற்றைக் கணக்கிடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. எந்தத் தொடரைக் கொடுத்தாலும் நிரல் ஓர் எண்ணைத் திருப்பித் தந்துவிடும். அந்த எண் பாவையைப் பற்றியதா, வடிகட்டியைப் பற்றியதா, கண் மூடிய இடத்தை நிரப்பிய விதத்தைப் பற்றியதா என்பதை அது சொல்லாது. ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் இடையில் உடலியங்கியல் மாணவர்களும் சிக்னல் செயலாக்கம் படிக்கும் பொறியியல் மாணவர்களும் சேர்ந்து செய்யும் திட்டப்பணிகளில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன். மாணவர்களின் கண்ணில் முதலில் படுவது எண்தான். ஆகவே எண்ணிலிருந்து தொடங்கி, பின்னோக்கிக் கேமராவரையும் அறையின் தரைவரையும் செல்வோம்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இரண்டு காரியங்களைச் செய்துவிடுங்கள். ஒன்று, உங்கள் நிரலுக்கு லோரன்ஸ் சமன்பாட்டின் தொடரைக் கொடுங்கள்; அது விடை முன்பே தெரிந்த ஒரு கேயாஸ் அமைப்பு, அதாவது விதிப்படி இயங்கினாலும் நெடுநேரத்துக்கு முன்கணிக்க முடியாத அமைப்பு. வழக்கமான அளவுருக்களான 10, 28, 8/3 ஆகியவற்றுக்கு மிகப்பெரிய லியாபுனோவ் அடுக்கு சுமார் 0.9 எனவும், ஒட்டுறவுப் பரிமாணம் சுமார் 2.05 எனவும் வர வேண்டும். வராவிட்டால் சுண்டெலித் தரவைத் தொடவே வேண்டாம். இரண்டு, உங்கள் பாவைத் தொடரின் திறன் நிறமாலையை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு திறன் என்பதை) மட்டும் எடுத்துக்கொண்டு, அதே நிறமாலை உள்ள சாதாரண நேரியல் இரைச்சலை உருவாக்குங்கள். அதில் உண்மைத் தரவில் கண் மூடிய அதே இடங்களை வெட்டி, இடைவெளியை நிரப்பும் அதே இடைச்செருகலையும் அதே வடிகட்டியையும் செலுத்தி, பிறகு அதே அளவைக் கணக்கிடுங்கள். உண்மைத் தரவுக்குக் கிடைத்த எண் இந்தப் போலித் தொடருக்கும் கிடைக்கிறது என்றால், அந்த எண் சுண்டெலிக்கு உரியதல்ல. கீழே சொல்லப்படும் பெரும்பாலான பிழைகளை இந்த ஒரே சோதனை வெளிக்கொண்டு வரும் என்பதால்தான் இதை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

அறிகுறி: ஒட்டுறவுப் பரிமாணம் 2-க்கும் 3-க்கும் இடையில் அழகாக நிலைத்துவிடுகிறது

இதுவே மாணவர்களை மிகவும் மகிழ்விக்கும் அறிகுறி. மிகவும் சந்தேகத்துக்கு உரியதும் இதுவே. உட்பொதிவுப் பரிமாணத்தை (ஒரு புள்ளியை அமைக்கத் தொடரிலிருந்து சேர்த்தெடுக்கும், காலத்தால் தள்ளிய மதிப்புகளின் எண்ணிக்கையை) 4, 6, 8 என்று உயர்த்திக்கொண்டே போனாலும் மதிப்பு ஏறாமல் நின்றுவிடுவதைப் பார்த்தவுடன், பாவையை ஆள்வது சில மாறிகளே உள்ள கேயாஸ் அமைப்பு என்று எழுதத் தோன்றும். அதற்கு முன் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது தெய்லர் சாளரம். கிராஸ்பெர்கரும் புரொகாச்சியாவும் 1983-இல் தந்த முறை, அப்படி அமைத்த புள்ளிகள் இருக்கும் நிலைவெளியில் ஒன்றுக்கொன்று அருகில் இருக்கும் புள்ளி இணைகளை எண்ணுகிறது. பாவை மெதுவாக நகர்வதால், நொடிக்கு 30 ஃபிரேம் வீதம் எடுத்த தரவில் அடுத்தடுத்த புள்ளிகள் எப்போதும் அருகிலேயே இருக்கும். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் நடக்கும் ஒருவரின் அடுத்தடுத்த இரண்டு காலடிகள் பக்கத்தில் இருப்பதை வைத்து, அவர் அந்தக் கடைக்குத் திரும்பி வந்தார் என்று யாரும் சொல்வதில்லை; போய்விட்டுப் பிறகொரு நேரத்தில் அதே இடத்துக்கு வந்தால்தான் அது வருகை. நேரத்தால் மட்டும் அருகில் உள்ள இணைகளை விலக்க வேண்டும் என்று தெய்லர் 1986-இல் காட்டினார். விலக்கும் கால அளவு, தன்னொட்டுறவு (தொடர் தன் முந்தைய மதிப்புகளோடு கொள்ளும் உறவு) தணிய எடுக்கும் நேரத்தைப்போலப் பல மடங்காக இருக்கட்டும். பாவைத் தரவில் அது பல நொடிகள், அதாவது நூற்றுக்கணக்கான ஃபிரேம்கள். பல நிரல்களில் இதன் இயல்பு மதிப்பு 0 அல்லது 1 என்றே வைக்கப்பட்டிருக்கிறது. அதை மாற்றியவுடன் அழகான அந்தச் சமதளம் காணாமல் போவதை நீங்கள் பார்க்கக்கூடும்.

இரண்டாவது, நிறமாலையின் சரிவு. அதிர்வெண் கூடக் கூடத் திறன் ஓர் அடுக்கு விதிப்படி குறையும் இரைச்சலில், கேயாஸ் துளியும் இல்லாதபோதும் முடிவுறு பரிமாணம் கிடைக்கும் என்று ஆஸ்போர்னும் புரோவென்சாலேயும் 1989-இல் நிறுவினார்கள். சரிவின் அடுக்கு 1-க்கும் 3-க்கும் இடையில் இருந்தால், அதிலிருந்து 1-ஐக் கழித்து, வரும் எண்ணால் 2-ஐ வகுத்தால் அந்தப் பொய்ப் பரிமாணம் கிடைத்துவிடும். அடுக்கு 1.8 என்றால் பரிமாணம் 2.5. பாவையின் தசையும் நரம்பும் விரைவான மாற்றங்களைத் தாமாகவே மட்டுப்படுத்துவதால், பாவைத் தரவின் நிறமாலை இயல்பிலேயே செங்குத்தாகச் சரிகிறது. அதன்மேல் நாம் போடும் வடிகட்டி அதை இன்னும் சரியச் செய்கிறது. ஆகவே உங்கள் தரவின் சரிவை அளந்து, இந்தக் கணக்கு தரும் எண்ணை உங்களுக்குக் கிடைத்த பரிமாணத்தின் அருகில் எழுதிப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் கட்டுரையில் அந்தப் பரிமாணத்தைப் பற்றி எழுத எதுவும் இல்லை.

மூன்றாவது, தரவின் நீளம். எக்மனும் ருவெல்லும் 1992-இல் காட்டிய வரம்பின்படி, புள்ளிகளின் எண்ணிக்கைக்குப் பத்தடிமான மடக்கை எடுத்து அதை இரட்டித்தால் வரும் எண்ணைவிடப் பெரிய பரிமாணத்தை அந்தத் தரவால் காட்ட முடியாது. அரை மணி நேரப் பதிவில் நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் 54,000 புள்ளிகள். வரம்பு 9-க்கு மேல் என்று தோன்றும். ஆனால் பாவை மாற்றத்தின் பெரும்பகுதி 1 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதால், ஒன்றையொன்று சாராத புள்ளிகள் ஆயிரத்தைச் சுற்றியே இருக்கும். அப்போது வரம்பு 6. அது உச்ச வரம்பு மட்டுமே, நம்பத்தக்க அளவு அதைவிடக் கீழேதான். ஃபிரேம் வீதத்தைக் கூட்டி இந்த வரம்பை உயர்த்த முடியாது. பதிவின் கால அளவைக் கூட்டினால் மட்டுமே முடியும், அதற்கும் விலங்கு ஒரே நிலையில் இருந்தாக வேண்டும்.

அறிகுறி: எல்லா விலங்குகளிலும் லியாபுனோவ் அடுக்கு நேர்மறையாகவே வருகிறது

விழித்திருக்கும் எலி, மயக்கத்தில் இருக்கும் எலி, வயதான எலி என்ற வேறுபாடு இல்லாமல் எல்லாவற்றிலும் நேர்மறை என்றால், அந்த அளவு எதையும் பிரித்தறியவில்லை என்று பொருள். ரோசன்ஸ்டீனும் உடன் பணியாற்றியவர்களும் 1993-இல் தந்த முறையில், அருகருகே தொடங்கும் பாதைகள் காலப்போக்கில் எவ்வளவு விலகுகின்றன என்ற வளைகோடு கிடைக்கிறது. அதன் நேர்ப்பகுதியின் சரிவே அடுக்கு. இரைச்சலுக்கும் இந்த வளைகோடு மேல்நோக்கியே செல்லும். வடிகட்டாத இரைச்சலில் அது ஒரே தாவலில் உச்சத்தைத் தொட்டு நின்றுவிடும் என்பதால் கண்டுபிடிப்பது எளிது. வடிகட்டிய இரைச்சலிலோ மெல்ல வளைந்து ஏறும். அதன் தொடக்கத்தில் ஒரு சிறு துண்டை எடுத்துக்கொண்டு நேர்கோடு பொருத்தினால் எவருக்கும் ஒரு நேர்மறைச் சரிவு கிடைத்துவிடும்.

எனவே எண்ணை மட்டும் சேமிக்காமல் ஒவ்வொரு பதிவுக்கும் வளைகோட்டை வரைந்து பாருங்கள். உண்மையான அடுக்கேற்ற விலகல் என்றால், உட்பொதிவுப் பரிமாணத்தை மாற்றும்போது அந்த நேர்ப்பகுதியின் சரிவு மாறாமல் இருக்க வேண்டும். வளைகோட்டில் நேர்ப்பகுதியே இல்லை என்று கண்டால், அடுக்கு இல்லை என்று எழுதுவதே சரியான அறிக்கை. நேர்க்கோடு பொருத்தும் இடைவெளியை ஒவ்வொரு விலங்குக்கும் தனித்தனியாகக் கண்ணால் தேர்ந்தெடுப்பதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். தரவைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு விதியை வகுத்து, போலித் தொடர்களுக்கும் அதே விதியைச் செலுத்துங்கள்.

அறிகுறி: பதிலித் தரவுச் சோதனை, தொடர் மிக வலுவாக நேரியலற்றது என்கிறது

தெய்லரும் குழுவினரும் 1992-இல் முன்வைத்த இந்தச் சோதனை, நிறமாலையை வைத்துக்கொண்டு கட்டங்களை (ஒவ்வொரு அதிர்வெண் அலையும் தொடங்கும் நிலையை) மட்டும் கலைத்துப் பதிலித் தொடர்களை உருவாக்குகிறது. உண்மைத் தொடரின் அளவு பதிலிகளின் அளவுகளுக்கு வெளியே விழுந்தால், நேரியல் இரைச்சல் என்ற கருதுகோள் தள்ளப்படுகிறது. ஒருபக்கச் சோதனையில் 5 சதவீத நிலைக்கு 19 பதிலிகளும், இருபக்கச் சோதனைக்கு 39 பதிலிகளும் குறைந்தபட்சம் தேவை. கருதுகோள் தள்ளப்படுவதற்கும் கேயாஸ் நிறுவப்படுவதற்கும் இடையே பெரிய தூரம் உண்டு. அந்தக் கருதுகோளுக்குள் நேரியல் தன்மை, நிலைத்தன்மை, மதிப்புகளின் பகிர்வு வடிவம் ஆகியவை ஒன்றாகக் கட்டப்பட்டிருப்பதால், இவற்றில் எது உடைந்தாலும் சோதனை ஒரே பதிலைத்தான் தரும்.

எளிதாகத் தீரக்கூடியதை முதலில் பாருங்கள். நீங்கள் பாவையின் விட்டத்தை எடுத்தீர்களா, பரப்பை எடுத்தீர்களா? பரப்பு விட்டத்தின் இருமடியைச் சார்ந்தது. எனவே விட்டம் நேரியல் தொடராக இருந்தாலும் பரப்பு அப்படி இராது. கட்டத்தை மட்டும் கலைக்கும் எளிய பதிலி இதற்கே ஏமாந்துவிடும். ஷ்ரைபரும் ஷ்மிட்ஸும் 1996-இல் தந்த, நிறமாலையையும் பகிர்வையும் மாறி மாறிச் சரிசெய்யும் பதிலியைப் பயன்படுத்தினால் இந்தச் சிக்கல் நீங்கும். அடுத்து, துண்டின் தொடக்க மதிப்பும் முடிவு மதிப்பும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். அதிர்வெண்களாகப் பிரிக்கும் ஃபூரியே உருமாற்றம் தொடரை வட்டமாகச் சுற்றியதாகக் கருதுவதால், 0.6 மி.மீ.-இல் தொடங்கி 1.4 மி.மீ.-இல் முடியும் துண்டு அந்த இணைப்பில் ஒரு செங்குத்துத் தாவலைப் பெறுகிறது. பதிலிகளில் அது இல்லாத உயர் அதிர்வெண்ணாகச் சிதறிவிடும். இரண்டு முனைகளும் சரிவும் பொருந்தும் இடத்தில் வெட்டுங்கள்.

இவற்றைச் செய்த பிறகும் சோதனை கருதுகோளைத் தள்ளினால், உருளையின் வேகப் பதிவை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். ஓட்டம் தொடங்கும்போது பாவை விரைந்து விரிகிறது. ஓட்டம் நின்ற பிறகு மெதுவாகவே திரும்புகிறது. இந்த விரைவு-மெதுவு வேறுபாடு, தொடரை முன்னும் பின்னுமாகத் திருப்பினால் வேறாகத் தெரியும் தன்மையைத் தருகிறது; பதிலிகளுக்கு அந்தத் தன்மை கிடையாது. ஆகவே சோதனை கண்டுபிடித்தது உண்மையானதுதான், ஆனால் அது கண்டுபிடித்தது எலி ஓடியதை. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் போதிய இடைவெளி விட்டு, அமைதியாக நின்ற பகுதிகளை மட்டும் பிரித்து மீண்டும் சோதியுங்கள். அப்போதும் நேரத் திசைச் சீரின்மை நீடித்தால் அது ஆர்வத்துக்குரிய செய்தி: விரிவதையும் சுருங்குவதையும் வெவ்வேறு தசைகளும் வெவ்வேறு நரம்புகளும் நடத்தும் உறுப்பில் அப்படி ஒரு சீரின்மை இருப்பது உடலியங்கியலோடு நன்கு பொருந்துகிறது. என் மதிப்பீட்டில், பாவைத் தரவில் பரிமாணத்தைத் தேடுவதைவிட இந்தச் சீரின்மையை அளப்பது பயனுள்ளது. குறைந்த தரவிலேயே நம்பகமாக அளக்கலாம், விளைவுக்கு உடலில் ஒரு காரணத்தையும் சுட்டலாம்.

அறிகுறி: மாதிரி என்ட்ரோபி குழுக்களிடையே வேறுபடுகிறது, ஆனால் அமைப்பைச் சிறிது மாற்றினால் வேறுபாடு மறைகிறது

ரிச்மனும் மூர்மனும் 2000-இல் வெளியிட்ட இந்த அளவில், இரண்டு துண்டுகள் ஒத்தவை என்று ஏற்கும் தாங்கல் எல்லையைத் திட்ட விலக்கத்தின் 0.2 மடங்கு என்று வைப்பது வழக்கம். அடிக்கடி ஓடும் எலியின் திட்ட விலக்கம் பெரிது; எனவே தாங்கல் எல்லையும் பெரிதாகி, அது அமைதியாக நின்ற நேரத்துப் புள்ளிகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒத்தவையாகிவிடுகின்றன, என்ட்ரோபி குறைகிறது. இதைக் கண்டு அந்தக் குழுவின் பாவைக் கட்டுப்பாடு சிக்கல் குறைந்தது என்று எழுதினால் அது தவறான முடிவு. தாங்கல் எல்லையை எல்லா விலங்குகளுக்கும் பொதுவாக மி.மீ. அளவில் ஒருமுறை வைத்தும், திட்ட விலக்கப்படி ஒருமுறை வைத்தும் கணக்கிட்டு, திட்ட விலக்கத்தையும் சேர்த்தே அட்டவணையில் தாருங்கள்.

ஃபிரேம் வீதத்தால் வரும் மாற்றத்துக்குக் காரணம் வேறு. நொடிக்கு 60 ஃபிரேம் எடுத்தால் அடுத்தடுத்த மதிப்புகளிடையே மாற்றமே இராது. என்ட்ரோபி எந்த எலிக்கும் மிகக் குறைவாகவே வரும். தக்கபடி வடிகட்டிய பின் நொடிக்கு 5 முதல் 10 புள்ளிகளாகக் குறைத்துக்கொள்வது போதும். பாவை படத்தில் 20, 30 பிக்சல் அகலமே இருந்தால், தாங்கல் எல்லை ஒரு பிக்சலைவிடச் சிறிதாகப் போய்விடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். அப்படியானால் நீங்கள் அளப்பது கேமராவின் படிநிலைகளை. நீள்வட்டம் பொருத்திப் பிக்சலின் பின்னத்தில் விட்டத்தைக் கணக்கிடுவது இதற்குத் தீர்வு.

மதிப்புகளின் பரவல் வரைபடத்தையும் ஒருமுறை பாருங்கள். முழு இருட்டில் பாவை ஏறக்குறைய முழுதாக விரிந்து, அதற்கு மேல் போக இடமின்றி நிற்கும். அங்கே ஏற்றஇறக்கம் குறைவது மூளையால் அல்ல, ஐரிஸின் எல்லையால். மாறாத மெல்லிய வெளிச்சம் ஒன்றைக் கொடுத்து, பாவை தன் வீச்சின் நடுப்பகுதியில் இயங்கும்படி செய்துகொள்ளுங்கள்.

அறிகுறி: நிறமாலையில் விளக்க முடியாத கூர்முனை, அல்லது தொடரில் விளக்க முடியாத மெதுவான அலை

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அறை விளக்கு நொடிக்கு 100 முறை மினுங்குகிறது. நொடிக்கு 30 ஃபிரேம் எடுக்கும் கேமராவில் அது 10 ஹெர்ட்ஸ் கூர்முனையாகவும், 60 ஃபிரேம் கேமராவில் 20 ஹெர்ட்ஸ் கூர்முனையாகவும் தோன்றும். இவை பாவையின் எல்லைக்கு வெளியே இருப்பதால் தீங்கு குறைவு. ஆபத்தானது 50 ஃபிரேம் அல்லது 25 ஃபிரேம் அமைப்பு. மின்கட்டமைப்பு சரியாக 50-இல் நிற்பதில்லை; அனுமதிக்கப்பட்ட 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ் வரையிலான எல்லைக்குள் அது மெல்ல அலைகிறது. எனவே விளக்கின் மினுக்கம் 0.2 ஹெர்ட்ஸ் வரையிலான, தானே வேகம் மாறிக்கொண்டே இருக்கும் மெதுவான அலையாகப் படத்தில் இறங்குகிறது. இது பாவை இயல்பாக ஆடும் அதிர்வெண்ணிலேயே விழுவதால் கணினியில் போடும் எந்த வடிகட்டியாலும் பிரிக்க முடியாது, நேரியலற்ற அளவுகளையும் குழப்பிவிடும். படத்தில் பாவைக்கு வெளியே, ரோமம் மட்டும் தெரியும் ஒரு சிறு சதுரத்தின் சராசரி ஒளிர்வைத் தொடராக எடுத்துப் பாருங்கள். அதே அலை அங்கேயும் இருந்தால் காரணம் விளக்குதான். அகச்சிவப்பு எல்.இ.டி.க்கு நேர்மின்னோட்டம் கொடுத்து, காணும் ஒளியைத் தடுக்கும் வடிகட்டியை லென்ஸின் முன் பொருத்தினால் தீரும்.

இன்னொரு மூலம் கண்ணின் அசைவு. எலி கண்ணை 20 பாகை திருப்பினால் அந்தத் திசையில் பாவையின் விட்டம் படத்தில் சுமார் 6 சதவீதம் குறைந்து தெரியும். நீள்வட்டத்தின் பெரிய அச்சை விட்டமாகக் கொள்ளுங்கள். கார்னியாவில் தெரியும் ஒளிப்புள்ளி பாவையின் விளிம்பில் ஏறும் ஃபிரேம்களை ஒதுக்குங்கள்.

அறிகுறி: வெவ்வேறு எலிகளில் பாவை ஒரே கடிகார நேரத்தில் விரிகிறது

வடசென்னையில் இதற்கென்று தனியாக ஒரு பகுதி எழுதாமல் இருக்க முடியாது. துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகளும், கொருக்குப்பேட்டை வழியாகச் செல்லும் சரக்கு ரயில்களும், மணலி, எண்ணூர்ப் பக்கத்து டேங்கர்களும் தரையை அதிரச் செய்கின்றன. லாரியின் உறுமலைச் சுண்டெலி கேட்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். ஆனால் 1 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலி அதற்கு மிக மங்கலாகவே கேட்கும். மேசைக் கால் வழியாக வரும் அதிர்வை அது பாதங்களால் உணர்கிறது. காற்று பிரேக்கின் சீறலில் உள்ள உயர் அதிர்வெண்களையோ நம்மைவிட நன்றாகக் கேட்கிறது. ஒவ்வொரு முறையும் விழிப்பு கூடுகிறது, பாவை விரிகிறது. தானாக எழும் மாற்றம் என்று நாம் பெயரிட்டது உண்மையில் சாலையின் அட்டவணையாகிவிடுகிறது. சுண்டெலி இரவு விலங்கு என்பதற்காக இரவில் பதிவு செய்பவர்கள், கனரக வாகனங்கள் அதிகமாக ஓடும் நேரத்தையே தேர்ந்தெடுத்துவிடக்கூடும்; வெளிச்சச் சுழற்சியைத் தலைகீழாக்கி எலிகளைப் பழக்கினால் பகலிலேயே அவற்றின் இரவைப் பதிவு செய்யலாம்.

உருளையின் சட்டத்திலேயே அதிர்வை அளக்கும் ஒரு முடுக்கமானியை ஒட்டி, பாவைப் பதிவோடு ஒரே கடிகாரத்தில் சேமியுங்கள். பிறகு பாவைத் தொடரை அந்நாளின் அதிர்வோடும், வேறொரு நாளின் அதிர்வோடும் ஒப்பிடுங்கள். அந்நாளோடு மட்டும் உறவு இருந்தால் அறையை மாற்றுங்கள் அல்லது மேசையைத் தரையிலிருந்து பிரித்து வையுங்கள். அதிர்வு நேர்ந்த துண்டுகளை வெட்டுவது கடைசி வழி, ஏனெனில் அதன் பிறகு எஞ்சும் துண்டுகள் மிகக் குறுகியவையாகி முன்னே சொன்ன நீள வரம்பில் சிக்கிக்கொள்ளும்.

அறிகுறி: பாவையின் விளிம்பு மங்குகிறது, பதிவு செல்லச் செல்ல மேலும் மங்குகிறது

குளிரூட்டிய அறையிலிருந்து கடற்கரை ஈரக்காற்றுக்குக் கொண்டுவந்த லென்ஸில் நீர் படியும்; கேமராவை முன்கூட்டியே அறையில் வைத்துவிடுங்கள். கெட்டமின்-சைலசின் மயக்கத்தில் எலியின் கண்வில்லை தற்காலிகமாக வெண்மையாகிவிடும். சைலசின் பாவையை விரிக்கவும் செய்யும். அந்தப் பதிவுகளைத் தன்னியல்பு மாற்றம் என்ற தலைப்பின் கீழ்ச் சேர்க்கக் கூடாது.

அறிகுறி: பி மதிப்பு (வேறுபாடே இல்லாவிட்டாலும் இப்படியொரு முடிவு வரும் நிகழ்தகவு) நம்ப முடியாத அளவுக்குச் சிறியதாக வருகிறது

ஒவ்வொரு பதிவையும் ஐந்து நிமிடத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் என்ட்ரோபியையும் தனி அளவீடாக எண்ணியிருப்பீர்கள். எட்டு எலிகளிலிருந்து எடுத்த இருநூறு துண்டுகள் இருநூறு சான்றுகள் ஆகா; ஒரே எலியின் துண்டுகள் ஒன்றையொன்று சார்ந்தவை. எலிக்கு ஒரு சராசரி எடுத்து ஒப்பிடுங்கள், அல்லது எலியைச் சீரற்ற விளைவாகக் கொண்டு, எலிக்கு எலி மாறும் பகுதியைத் தனியாகப் பிரிக்கும் கலப்பு மாதிரியைப் பயன்படுத்துங்கள். பதிவு செய்த நாளையும் அந்த மாதிரியில் சேர்த்துக்கொண்டால், முன் பகுதியில் சொன்ன சாலை அதிர்வைப் போல நாளுக்கு நாள் மாறும் காரணங்களின் பங்கும் தனியாகத் தெரியவரும். இவ்வளவும் செய்த பிறகு வேறுபாடு மறைந்தால், எலிகளின் எண்ணிக்கையைக் கூட்ட விலங்கு நெறிமுறைக் குழுவிடம் விண்ணப்பிக்கும் முன், ஏற்கெனவே உள்ள எலிகளிடமிருந்து அமைதிநிலைப் பதிவை நீட்டிக்க முடியுமா என்று பாருங்கள். அளவின் நடுக்கம் எலிக்குள்ளேயே பெரிதாக இருந்தால் அதுவே போதுமானதாக இருக்கும், எலிகளுக்கு இடையில் பெரிதாக இருந்தால் மட்டுமே புதிய எலிகள் தேவை. கலப்பு மாதிரி தரும் இரண்டு மாறுபாட்டு மதிப்புகளே அதைச் சொல்லிவிடும்.